பிடில் தந்த பெரியார் பாலுசுவாமி தீட்சிதர்

காஞ்சி மாநகரத்துக் கோயில் விழாக்களில் நிகழும் இசையரங்கு ஒன்றை நோக்குவோமாக. பாடுவோர் நடுவே வீற்றிருப்பர். ஒரு பக்கத்தே மிருதங்கம் முழங்கும். மறு பக்கத்தே பிடில் இசைக்கும். பாடுவோர் குரலெடுத்தால் பிடிலும் உடன் எழும். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியைப் பிடில் நிரப்பும். இக்கருவியின்றி ஓர் அரங்கு நடைபெறுமாயின், ஏதோ ஒன்று குறைந்ததென்றே கேட்போர் கருதுவர். பட்டு நெய்யும் தெருக்களிலும், பெருமாள் கோயிற் சந்நிதித் தெருவிலும் வாழும் எளிய மக்களுங்கூட இதனை அயல்நாட்டுக் கருவியென்று எண்ணுவதில்லை. வீணையைப் போலவும் குழலைப் போலவும் தொன்றுதொட்டு நம்மிடையே இருந்து வருவதென்றே கொள்வர்.

உண்மையோ வேறு. இத்தாலி நாட்டின் வடபகுதியில் 16-ஆம் நூற்றாண்டில் இன்றைய உருப்பெற்ற கருவி இது. கிரெமோனா என்னும் ஊரில் அமாத்தி குடும்பத்தாரும், பின்னர் ஸ்திராதிவாரி முதலிய தச்சர்களும் இதனைச் செம்மை செய்தனர். தமிழிசையரங்கில் இது ஏறியதோ ஏறத்தாழ இரு நூறு ஆண்டுகட்கு முன்புதான். ஏற்றி வைத்தவர் பாலுசுவாமி தீட்சிதர். இவர்தம் தமையனார் முத்துசுவாமி தீட்சிதரின் பெயரை அறியாதார் இலர். இவர் பெயரை அறிந்தாரோ சிலரே. மரத்தை நட்டவனை மறந்து நிழலை மட்டும் துய்ப்பது நன்றன்று. ஆதலின், இப்பெரியாரின் வாழ்வையும், அவர் நமக்களித்த கருவியின் இயல்பையும் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

குடியும் பிறப்பும்

தீட்சிதர் குடும்பத்திற்கும் காஞ்சிக்கும் உள்ள தொடர்பு பழையது. பாலுசுவாமியாரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர் 1735-ஆம் ஆண்டிற் காஞ்சியிலே பிறந்தவர் என்று அக்குடும்ப வரலாறு கூறும். போர்களும் குழப்பங்களும் மலிந்த அக்காலத்தே, காஞ்சியிலிருந்து பல குடும்பங்கள் தெற்கே சோழநாடு நோக்கிச் சென்றன. காமகோட்டத்துப் பொன் காமாட்சியின் திருவுருவமுங்கூட இவ்வூரைவிட்டு நீங்கி, இறுதியில் தஞ்சையை அடைந்ததன்றோ! இராமசுவாமியாரின் பெற்றோரும் அவ்வாறே சோழநாடு புக்கனர். அவர் ஆங்கு இசை பயின்று பெரும்புலவராய்த் திருவாரூரில் வாழ்ந்தார். இன்று எந்த அரங்கிலும் தொடக்கத்திலே கேட்கப்படும் அம்சத்துவனி இராகம் அவர் வகுத்தது. நூற்றெட்டு இராகங்களும் தாளங்களும் அமைந்த மாலையொன்றையும் அவர் யாத்தார்.

அவர்க்கு மைந்தர் மூவர்: முத்துசுவாமி, சின்னசுவாமி, பாலுசுவாமி என்போர். மூத்தவர் 1775-ஆம் ஆண்டிலும், இளையவராகிய பாலுசுவாமி 1786-ஆம் ஆண்டிலும் பிறந்தனர். மூவரும் தந்தையாரிடமே இசை கற்றனர். பாலுசுவாமியார்க்குக் குரலினும் கையே இசைந்து வந்தது. வீணை, சுரபத், சிதார், மிருதங்கம் எனக் கருவிகள் பலவற்றிலும் அவர் தேர்ச்சியுற்றார் என்பர்.

மணலியும் கோட்டையும்

அக்காலத்தே சென்னையிற் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் துபாஷியாய் விளங்கிய மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், திருவாரூருக்கு வந்து இராமசுவாமியாரின் இசையைக் கேட்டு வியந்து, அவரைக் குடும்பத்துடன் சென்னையை அடுத்த மணலிக்கு அழைத்துச் சென்று ஆதரித்தார். அவர்க்குப் பின் அவர் மைந்தர் வெங்கடகிருஷ்ண முதலியார் அவ்வாதரவைத் தொடர்ந்தார். இவரைச் சின்னையா முதலியார் என்றும் வழங்குவர். துபாஷியின் வேலை இருமொழியாளர்க்கு இடைநின்று பேசுவது. இவர் இல்லத்திலோ இரு மொழிகள் மட்டுமல்ல, இரு நாட்டு இசைகளும் சந்தித்தன.

சின்னையா முதலியார் புனித ஜார்ஜ் கோட்டைக்குச் செல்லுங்கால் தீட்சிதர் சகோதரர்களையும் உடனழைத்துச் செல்வதுண்டு. அங்கே ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுவினர் வாசிப்பர். மூத்தவராகிய முத்துசுவாமி அவ்விசையின் மெட்டுக்களைச் செவியிற் பதித்துக்கொண்டார். அவர் அம்மெட்டுக்களுக்கு வடமொழியில் இயற்றிய பாடல்கள் ஏறத்தாழ நாற்பது. அவற்றை நோட்டுஸ்வர சாகித்தியம் என வழங்குவர். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டுங்கூட அவற்றுள் ஒன்றாய் அமைந்துள்ளது. இளையவராகிய பாலுசுவாமியோ மெட்டை விடுத்துக் கருவியை நோக்கினார். வில்லால் இழுக்கப்படும் அச்சிறு கருவி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அவர் ஆர்வத்தையறிந்த முதலியார், ஐரோப்பியர் ஒருவரை அமர்த்தி அவர்க்குப் பிடில் கற்பிக்கச் செய்தார். மூன்றாண்டுகள் அக்கல்வி நடைபெற்றது.

இதனை எளிதிற் கூறிவிட்டோம். ஆயின் அக்கால நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வேதநெறி வழுவாத அந்தணர் குலத்து இளைஞர் ஒருவர், அயல்நாட்டார் ஒருவரை ஆசானாகக் கொண்டு, அவர் அருகமர்ந்து, அவர் கையிலிருந்த கருவியைத் தம் கையில் வாங்கிப் பயின்றார். அக்காலத்து ஐரோப்பியப் பிடிலின் தந்திகள் ஆட்டின் குடலைப் பதப்படுத்தி முறுக்கியவை. தீட்டென்று விலக்குவதற்குக் காரணங்கள் பல இருந்தன. ஏற்பதற்கு இருந்த காரணம் இசை ஒன்றே. அவ்வொன்றே போதுமென்று கொண்டார் பாலுசுவாமியார். நாட்டை ஆண்ட கூட்டத்தாரின் கருவியாயிற்றே என்று அதனை வெறுத்தாருமல்லர். அவர்தம் கருவியாதலின் நம்முடையதினும் உயர்ந்ததென்று மயங்கினாருமல்லர். நம் இசைக்கு இது பயன்படுமா என்பதொன்றே அவர் கொண்ட அளவுகோல்.

குடல் தந்தி நமக்கு முற்றும் புதியதுமன்று. பழந்தமிழர் யாழின் தந்தியை நரம்பென்றே வழங்கினர். இசைச்சுரத்தையும் நரம்பென்னும் சொல்லாலேயே குறித்தனர். அந்த யாழ் வழக்கொழிந்து, விபுலாநந்த அடிகள் 1947-ஆம் ஆண்டில் யாழ் நூல் வெளியிட்டு அதன் இலக்கணத்தை ஆராய்ந்து காட்ட வேண்டியதாயிற்று. உள்நாட்டுக் கருவியொன்று மறைய, வெளிநாட்டுக் கருவியொன்று வேரூன்றியது. காலத்தின் இயல்பு இத்தகையது.

கருவியின் இயல்பு

இனி, பாலுசுவாமியார் கையிற்கொண்ட கருவியின் அமைப்பைச் சிறிது ஆராய்வோம். வீணையின் குடம் பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. குடத்தின் மேற்பலகை பெரும்பாலும் தட்டையானது. தண்டியின்மீது மெழுகில் பதித்த 24 மெட்டுக்கள் உண்டு. தந்தியை விரலால் மீட்டிய அக்கணமே ஒலி எழுந்து, பின்னர்ப் படிப்படியாகத் தேய்ந்து ஒழியும்.

பிடிலோ இவற்றினின்றும் வேறுபட்டது. அதன் மேற்பலகை தட்டையன்று. நடுவே உயர்ந்து இருமருங்கும் சரிந்து, ஆற்றுப் பாலத்தின் வளைவு போன்றது. அவ்வளைவு பலகையை வளைத்துச் செய்வதன்று. தடித்த மரத்தை உளியாலும் சிற்றிழைப்புளியாலும் சிறிது சிறிதாகச் செதுக்கிப் பெறுவது. செதுக்கி முடித்தபின் பலகையின் கனம் மூன்று மில்லிமீட்டர் அளவே நிற்கும். மேற்பலகைக்குக் குளிர்நாட்டு ஊசியிலை மரமாகிய ஸ்புரூஸும், அடிப்பலகைக்குக் கடினமான மேப்பிள் மரமும் கொள்வர். மேற்பலகையின் இருபுறமும் ஆங்கில எஃப் எழுத்தை ஒத்த இரண்டு துளைகள் உள்ளன.

பிடிலின் குதிரை பலகையில் ஒட்டப்படுவதில்லை. தந்திகள் அதன்மீது ஏறிச்சென்று கருவியின் கடைசியிலுள்ள வால்துண்டிற் பிணிக்கப்படுகின்றன. தந்திகளின் அழுத்தமே குதிரையை நிலைநிறுத்துவது. நான்கு தந்திகளும் முறுக்கேறி நிற்குங்கால் அவற்றின் மொத்த இழுவை இருபது கிலோவுக்கு மேற்படும். அதில் ஒரு பகுதி குதிரையின் வழியே மெல்லிய பலகையைக் கீழ்நோக்கி அழுத்துகின்றது. தட்டையான பலகையாயின் இச்சுமையை நெடுநாள் தாங்காது அமிழும். வளைந்த பலகையோ வளைவு மண்டபம் போல் சுமையை இருபுறமும் பகிர்ந்து தாங்குகின்றது. உள்ளே, குதிரையின் ஒரு காலுக்கு அண்மையில் சிறு மரத்தூண் ஒன்று மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே நிற்கின்றது. மற்றொரு காலின் கீழ் நீளச் சட்டமொன்று ஒட்டப்பட்டுள்ளது. இவை பலகைக்கு வலிவு தருவதோடு, தந்தியின் அதிர்வைக் கருவி முழுதும் பரவச் செய்கின்றன. எடையோ மிகக் குறைவு. ஒலியோ பெரிய மண்டபத்தையும் நிறைக்கும்.

இவற்றிற்கும் மேலாக நம் இசைக்கு உகந்த பண்புகள் இரண்டு அதில் இருந்தன. ஒன்று, பிடிலின் கழுத்தில் மெட்டுக்கள் இல்லை. ஆதலின் விரலை ஒரு சுரத்தினின்றும் மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்லவும், அசைக்கவும், கமகங்களை விரும்பியவாறு பிடிக்கவும் இடமுண்டு. மற்றொன்று, வில் செல்லுமளவும் ஒலி தேயாது நிற்கும். மனிதக் குரலுக்கு இத்துணை அணுக்கமான தந்திக்கருவி வேறில்லை என்று கூறின் அது மிகையாகாது. பாடகரைத் தொடர்ந்து நிழல்போற் செல்லுதற்கு வேண்டிய இவ்விரு தகுதியும் அதன்பால் ஒருங்கே அமைந்திருந்தமையைப் பாலுசுவாமியார் கண்டுகொண்டார். ஐரோப்பியர் தம் இசைக்கென்று அமைத்த கருவி, கமகம் நிறைந்த நம் இசைக்கே அமைந்தது போல் அவர்க்குத் தோன்றியிருத்தல் வேண்டும்.

நமதாக்கிய திறம்

கருவியை வாங்குவது வேறு; அதனை நமதாக்குவது வேறு. ஐரோப்பியர் பிடிலை நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ முகவாய்க்கும் தோளுக்கும் இடையே தாங்கி வாசிப்பர். நம்மவர் தரையிற் சம்மணமிட்டமர்ந்து, கருவியின் தலைப்பகுதியை வலக்கால் பாதத்தில் ஊன்றி, அடிப்பகுதியை மார்பில் சார்த்தி வாசிப்பர். அதனாற் கருவியைத் தாங்கும் வேலையினின்று இடக்கை விடுதலை பெற்று, தந்தியின்மேல் தடையின்றி மேலும் கீழும் ஓடுகின்றது. ஐரோப்பியர் நான்கு தந்திகளையும் ஒன்றற்கொன்று ஐந்தாம் சுரமாய்க் கூட்டுவர். நம்மவரோ ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம், மேல் பஞ்சமம் என்று கூட்டிப் பாடகரின் சுருதிக்கு இசைவிப்பர். மரத்தில் ஓர் ஆணியும் மாற்றப்படவில்லை. இருக்கும் நிலையும், சுருதி கூட்டும் முறையும், விரலின் நடையுமே மாறின. அவ்வளவில் இத்தாலியக் கருவி தமிழ்நாட்டுக் கருவியாயிற்று.

காஞ்சிப் பட்டை எடுத்துக்கொள்வோம். பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகின்றது. சரிகை சூரத்திலிருந்து வருகின்றது. ஆயினும் பாவும் ஊடையும் காஞ்சித் தறியில் ஏறி, உடலும் கரையும் கோர்வையாற் பிணைந்து வெளிவந்தபின், அதனைக் கருநாடகச் சேலையென்றோ சூரத்துச் சேலையென்றோ அழைப்பார் எவருமிலர். அது காஞ்சிப் பட்டே. நூல் எங்கிருந்து வந்தது என்பதன்று, நெய்தவர் யார் என்பதே பெயரை நிலைநாட்டுவது. பிடிலும் அத்தகையதே.

பிரிவும் எட்டயபுரமும்

சகோதரர் மூவரும் நெடுங்காலம் ஒருங்கே வாழக் கொடுத்து வைக்கவில்லை. முத்துசுவாமி தீட்சிதர் காசிக்குச் சென்று மீண்டு, பின்னர்க் காஞ்சியில் நான்காண்டுகள் தங்கினார். உபநிஷத் பிரம்மேந்திரர் என்னும் துறவியை அடுத்திருந்து, ஏகாம்பரநாதர், காமாட்சி, வரதராசர் முதலிய இவ்வூர்த் தெய்வங்களின்மீது கீர்த்தனங்கள் யாத்தது அக்காலத்தேயாம். தந்தையார் பிறந்த ஊர் மைந்தரின் பாடலால் மேலும் புகழ்பெற்றது. பின்னர்த் திருவாரூர் அவர் உறைவிடமாயிற்று. தந்தையார் 1817-ஆம் ஆண்டில் மறைந்தார்.

சின்னசுவாமியும் பாலுசுவாமியும் பிழைப்பை நாடி மதுரைக்குச் சென்றனர். ஆங்குச் சின்னசுவாமி உயிர்நீத்தார். பாட்டும் கருவியுமாய் இணைந்திருந்த இருவருள் ஒருவர் மறைய, மற்றவர் தனியராயினார். மனம் நொந்த பாலுசுவாமியார் இராமேசுவரத்திற்கு யாத்திரை சென்றார். அதன்பின் எட்டயபுரத்து அரசரின் ஆதரவு அவர்க்குக் கிட்டியது. 1824-ஆம் ஆண்டில் அவ்வரசவையின் ஆஸ்தான வித்துவானாய் அமர்த்தப்பெற்றார். கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த அச்சிற்றூரில், வில்லும் பிடிலும் கொண்ட ஒருவர் அரசவையில் இசைத்தது அக்காலத்தவர்க்குப் பெருவியப்பாய் இருந்திருக்கும்.

தம்பியர் இருவரின் செய்தியும் அறியாது வருந்திய முத்துசுவாமியார் திருவாரூரினின்றும் புறப்பட்டு மதுரையை அடைந்தார். அங்கே ஒருவர் இறந்ததையும், மற்றவர் எட்டயபுரத்தில் இருப்பதையும் கேட்டறிந்து தெற்கு நோக்கிச் சென்றார். வழியில் மழையின்றி வறண்டு கிடந்த நிலத்தைக் கண்டு இரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்திற் பாட, மழை பொழிந்ததென்று மக்கள் கதை வழங்குவர். கதை எவ்வாறாயினும், நெடுநாட் பிரிந்த தமையனும் தம்பியும் எட்டயபுரத்தில் ஒருவரையொருவர் கண்ட பொழுதின் உணர்ச்சியை உடன்பிறந்தாரையுடைய எவரும் உணர்வர். அக்குடும்பத்துக் கண்ணீர் துடைக்கப்பட்டது அவ்வூரிலேதான். முத்துசுவாமியார் 1835-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் அவ்வூரிலேயே இறைவனடி சேர்ந்தார். அவர் சமாதி இன்றும் அங்கே விளங்குகின்றது.

பாலுசுவாமியார் அதன்பின் இருபதாண்டுகட்கு மேல் வாழ்ந்தார். தம் மகள் வயிற்றுப் பேரராய் 1839-ஆம் ஆண்டிற் பிறந்த சுப்பராமரைத் தத்து மைந்தராகக் கொண்டு, வீணையும் வாய்ப்பாட்டும் தம் தமையனாரின் கீர்த்தனங்களும் கற்பித்தார். 1859-ஆம் ஆண்டில் அவர் வாழ்வு நிறைவெய்தியது.

முதன்மை யாருக்கு?

ஈண்டு ஒரு கேள்வி எழுகின்றது. பிடிலை நம் இசைக்குக் கொணர்ந்தவர் பாலுசுவாமியார் ஒருவர்தாமா? தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலுவும் இப்புகழில் பங்குடையவர். 1810-ஆம் ஆண்டிற் பிறந்த அவர் முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர். பிடிலில் ஒப்பற்ற திறமையுடையவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டில் தந்தத்தாலாகிய பிடில் ஒன்றை அவர்க்குப் பரிசளித்தார். தஞ்சை அரண்மனையைச் சார்ந்த வராகப்பையரும் பிடில் பயின்றவர் என்பர். ஆயின் பாலுசுவாமியார் வடிவேலுவினும் இருபத்து நான்கு ஆண்டுகள் மூத்தவர். காலத்தால் முற்பட்டவர் இவரென்பதும், அதனைப் பரப்பிப் பெருமையுறச் செய்ததில் வடிவேலுவின் பங்கு பெரிதென்பதும் நாம் கொள்ளும் முடிபு.

வடிவேலுவுக்குப் பிடில் கற்பித்தவர் தஞ்சையிலிருந்த மிஷனெரி சுவார்ட்சு ஐயர் என்றொரு செய்தி சில நூல்களிற் காணப்படுகின்றது. மிஷன் கல்லூரியிற் பயிலும் நமக்கு இச்செய்தி செவிக்கு இனிதாயிருக்கும். மேடையில் எடுத்துரைக்க ஆசையும் பிறக்கும். ஆயின் சுவார்ட்சு ஐயர் 1798-ஆம் ஆண்டிலேயே தஞ்சையில் மறைந்தார். அப்பொழுது வடிவேலு பிறந்திலர். பிறவாதவர்க்குப் பாடம் கற்பித்தல் யார்க்கும் இயலாது. நம்மவர்க்குப் பெருமை தருவதாயினும், உண்மையல்லாததை நாம் விரும்பலாகாது. சுவார்ட்சு ஐயரின் புகழ் இக்கதையை நம்பி நிற்பதன்று. அவரிடம் வளர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீதங்களே அதற்குப் போதிய சான்று.

ஆயினும் கிறிஸ்தவத் தமிழர் இவ்வரலாற்றில் உண்மையாகவே பெறும் இடமொன்றுண்டு. சென்னையில் வாழ்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் ஒரு கிறிஸ்தவர். ஐரோப்பியச் சுரக்குறி முறையை நன்கறிந்த அவர், நம் கீர்த்தனங்களை அக்குறியில் எழுதி 1893-ஆம் ஆண்டில் நூலாய் வெளியிட்டார். பாலுசுவாமியாரின் வளர்ப்பு மைந்தராகிய சுப்பராம தீட்சிதரை அணுகி, அக்குடும்பத்தார் மறைத்துப் போற்றிய கீர்த்தனங்களை உலகறிய வெளியிடுமாறு வேண்டியவரும் அவரே. அவ்வேண்டுகோளும், எட்டயபுரத்து அரசரின் ஆதரவும் சேர்ந்ததன் பயனே 1904-ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் அச்சேறிய சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் தெலுங்குப் பெருநூல். அந்தணர் ஒருவர் ஐரோப்பியரிடம் கருவியைக் கற்றார். அவ்வந்தணரின் பேரர் கையிலிருந்த செல்வத்தைக் கிறிஸ்தவர் ஒருவர் காத்தளிக்கத் துணைநின்றார். வாங்கிய கடன் வட்டியோடு திரும்பியது எனலாம்.

வளைந்த பலகையின் பின்வரலாறு

பாலுசுவாமியார் மறைந்து நாற்பதாண்டுகள் ஆகுமுன், அவர் கையாண்ட கருவியின் வளைந்த பலகை கடல்கடந்த மற்றொரு நாட்டில் புதியதொரு பிறவி எடுத்தது. அமெரிக்காவில் கலமசூ என்னும் ஊரில் வாழ்ந்த ஆர்வில் கிப்சன் என்பார், பிடிலின் பலகையைப் போலவே மேண்டலின், கிதார் ஆகியவற்றின் பலகையையும் செதுக்கி வளைவாக்கலாம் என்று கண்டார். 1898-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். 1902-ஆம் ஆண்டில் அவர் பெயரால் கம்பெனி ஒன்று தோன்றியது. 1922-ஆம் ஆண்டில் அக்கம்பெனி வெளியிட்ட எல்-5 என்னும் கிதார், வளைந்த பலகையோடு பிடிலின் எஃப் வடிவத் துளைகளையும் ஏற்றது.

பொதுவான கிதாரில் குதிரை பலகைமீது ஒட்டப்பட்டிருக்கும். தந்திகள் அப்பலகையையே பிடித்திழுக்கும். வளைபலகைக் கிதாரிலோ பிடிலிற்போன்று குதிரை ஒட்டாது நிற்கும். தந்திகள் வால்துண்டிற் கட்டப்பட்டுக் குதிரையை அழுத்தும். அதனால் ஒலி திடீரென்று தெளிவாய் எழுந்து விரைவில் அடங்கும். ஊதுகருவிகளும் பறைகளும் முழங்கும் பெரிய குழுவினிடையேயும் தாளத்தை வெட்டிக் காட்டும். ஒலிபெருக்கி எங்கும் பரவாத காலத்தே இது பெரும்பயன் அளித்தது. 1936-ஆம் ஆண்டில் அதே கம்பெனி மின்னிணைப்புடைய வளைபலகைக் கிதாரையும் வெளியிட்டது.

இச்செய்தியை ஈண்டுக் கூறியதன் கருத்து யாதெனின், நல்லதொரு கருத்து ஓரிடத்தே தங்குவதில்லை என்பதேயாம். கிரெமோனாவில் செதுக்கப்பட்ட வளைவு ஒருபுறம் கோட்டையின் வழியே தமிழரங்கை அடைந்தது. மற்றொருபுறம் அமெரிக்கத் தச்சரின் பட்டறையை அடைந்தது. அங்கே கிதார் பிடிலின் உடலைக் கடன் வாங்கியது. இங்கே பிடில் வீணையின் நடையைக் கடன் வாங்கியது. இரண்டிடத்தும் கடன் வாங்கியவர் தம் இயல்பை இழந்திலர்.

முடிவுரை

பாலுசுவாமியாருக்குப் பின்வந்த நூறாண்டில் பிடில் நம் அரங்கின் இன்றியமையா உறுப்பாயிற்று. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர் முதலிய பெரியோர் அதனை உச்சிக்குக் கொணர்ந்தனர். காஞ்சியிற் பிறந்த நாயனாப் பிள்ளை (1889–1934) தாளக்கருவிகள் பலவற்றை ஒருங்கே சூழ அமர்த்திப் பாடுவதிற் புகழ்பெற்றவர். மிருதங்கமும் கஞ்சிராவும் கடமும் கொன்னக்கோலும் முழங்கும் அவ்வரங்கிற் பாட்டின் சுரத்தைப் பாடகரோடு சேர்ந்து தாங்கிய கருவி பிடில். காஞ்சியினின்றும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே வெளியேறிய குடும்பத்தின் கொடை, சுற்றிச் சுழன்று காஞ்சிக்கே வந்து சேர்ந்தது போலும்! நம் ஆலயங்களில் கீர்த்தனை பாடுங்காலும் தமிழ்முறையிற் சுருதி கூட்டிய பிடில் ஒலிப்பதைக் கேட்கின்றோம். கோயிலுக்கும் ஆலயத்திற்கும் பொதுவாய் நிற்கும் கருவிகளுள் இதுவும் ஒன்று.

தமிழ் மாணவராகிய நாம் இவ்வாழ்வினின்றும் கற்பதற்குரியது உண்டு. நம்மிடையே ஒரு சாரார், புறத்தேயிருந்து வருவன யாவும் நம் மொழியையும் கலையையும் கெடுப்பன என்று கதவடைக்க முற்படுகின்றனர். மற்றொரு சாரார், புறத்தேயிருந்து வருவனவே உயர்ந்தன என்று வீட்டிலுள்ளதை எறிந்துவிடுகின்றனர். பாலுசுவாமியார் இவ்விரு வழியும் சென்றிலர். தந்தையார் தந்த இசையை முற்றக் கற்றபின்பே அயலார் கருவியைத் தொட்டார். தொட்டபின் அரைகுறையாய் விடாது மூன்றாண்டு பயின்றார். பயின்றபின் அதிலே தம் நாட்டு இராகங்களைப் பேசச்செய்தார். வீட்டிற் சேர்த்துவைத்த செல்வமுடையவனே அஞ்சாது அயலாரிடம் கொடுக்கல் வாங்கல் செய்யவல்லன். தமிழை ஆழக் கற்ற பின்பே நாம் பிறமொழிக் கலைகளை நோக்குவோமாயின், அவற்றுள் நமக்கு வேண்டுவது எது, வேண்டாதது எது என்று தெரியும் கண்ணும் நமக்கு உண்டாகும்.

கேட்போர் பாடுவோரைப் புகழ்வர். உடனிசைத்தவரைப் பலகால் மறப்பர். அரங்கில் பிடிலுக்குரிய இடமும், வரலாற்றில் பாலுசுவாமியார் பெற்ற இடமும் அத்தகையனவே. தமையனாரின் பெரும்புகழுக்கு அருகே தம்பியார் அடக்கமாய் அமர்ந்திருக்கின்றார். இனி நாம் அரங்கொன்றிற் சென்றமர்ந்து, பாடகர் ஓயும் இடைவெளியில் பிடில் தனித்தொலிக்கக் கேட்கும்போது, அவ்வொலியை முதன்முதல் நம் இசைக்குரியதாக்கிய அப்பெரியாரையும், பெயர் அறியப்படாது மூன்றாண்டு அவர்க்குக் கற்பித்த ஐரோப்பிய ஆசானையும், இருவரையும் ஓரிடத்தே அமர்த்திய முதலியாரையும் ஒருங்கே நினைப்போமாக.